ஓடும்போது மூக்கு ஒழுகுகிறவர்களுக்கு: மூக்கு கழுவும் பாட்டில் வாங்கலாமா?

மெடிக்கல் ஷாப்பில் ‘நேசல் வாஷ் கிட்’ என்று கேட்டால் ஒரு 240 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலும் கொஞ்சம் உப்புப் பாக்கெட்டும் வைத்த அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சளி, சைனஸ், அலர்ஜி என்று பெட்டியில் போட்டிருக்கும். நான் எழுதுவது ஓடுகிறவர்களுக்காக. ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மூக்கில் தண்ணீராகக் கொட்டும், காய்ச்சல் இருக்காது, தொண்டைவலி இருக்காது, நின்று மூச்சு வாங்கினால் தானாக அடங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை.

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். விடிகாலையில் அரியமான் கடற்கரையில் நானும் ஓடுவேன், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பெண்பிள்ளைகளையும் ஓட வைப்பேன். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது போலீஸ், மிலிட்டரி என்று ஓடிக்கொண்டிருக்கும், அது உங்களுக்கே தெரியும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பையன்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள், பெண்பிள்ளைகளுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அன்றோடு வீட்டுக்குத்தான். எழுத்துத் தேர்வில் வாங்கிய மார்க் எதுவும் அங்கே கைகொடுக்காது.

என்னிடம் ஓடுகிற பிள்ளைகளில் ஒருத்திக்கு நல்ல கால். ஒவ்வொரு எட்டும் நீளமாக விழும். ஆனால் பாதி தூரம் தாண்டியதும் வலது கை வீசுவது நின்றுவிடும். ஷாலின் முனையைப் பிடித்து மூக்கில் வைத்தபடியே ஓடுவாள். ஒரு கை வீசாமல் 400 மீட்டர் ஓடினால் தோள் இறுகி, இடுப்பு திரும்பி, கால் தானாகச் சுருங்கும்.

“கையை ஏன்டி வீசமாட்டேங்குற?”

“மூக்கு ஒழுகுது மிஸ். அங்கிட்டு அண்ணனுங்க எல்லாம் நிக்கிறாங்க.”

அவளுடைய ஓட்டத்தைக் கெடுத்தது மூக்கைவிடக் கூச்சம்தான். இன்னும் இரண்டு பேருக்கும் இதே பிரச்சினை, ஆனால் அவர்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: ஓட்டத்துக்கு முன்னால் சளி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, பயிற்சி முடிவதற்குள் கொட்டாவி விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இதற்கு என்னென்ன விற்கிறார்கள், எது யாருக்குப் பயன்படும் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். ராமநாதபுரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார்ந்து கேட்டும் வந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூக்கின் வேலை, உள்ளே போகிற காற்றை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஈரப்படுத்தி, தூசியை வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்புவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றுதான் போய்வருகிறது. வேகமாக ஓடும்போது அது 60 லிட்டரைத் தாண்டும். அவ்வளவு காற்றையும் நனைத்து அனுப்ப மூக்குக்குள் இருக்கும் சுரப்பிகள் தண்ணீரை விடுகின்றன. அந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளை போவது நரம்பு வழியாக. இதில் கிருமி எதுவும் கிடையாது. அதனால்தான் ஓட்டம் நின்றதும் ஒழுகலும் நிற்கிறது. குளிர்பிரதேசத்துக்காரர்களுக்குக் குளிர்ந்த வறண்ட காற்று இதை அதிகமாக்கும் என்பார்கள். நம் ஊரில் அந்தக் குளிர் ஏது? ஆனால் அதன் இடத்தில் வேறு சில இருக்கின்றன.

முதலாவது சீமைக்கருவேலம். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி என்று எங்கே பார்த்தாலும் அதுதான், கடற்கரை வரைக்கும் வந்துவிட்டது. அதன் மகரந்தம் நம் நாட்டில் மூக்கு அலர்ஜிக்கும் இளைப்புக்கும், அதாவது ஆஸ்துமாவுக்கும், முக்கியமான காரணங்களில் ஒன்று. மஞ்சள் பூ தொங்குகிற மாதங்களில் என் பிள்ளைகளுக்குத் தும்மலும் சேர்ந்து வரும். அதே மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிற இடங்களில் புகை தாழ்ந்து நிற்கும், விடிகாலையில் காற்று அசையாத நேரத்தில் இன்னும் மோசம். அரியமானில் நிற்கும் சவுக்குத் தோப்பு பார்க்க அழகுதான், ஆனால் சவுக்கும் காற்றில் மகரந்தம் தூவுகிற மரம். இவற்றோடு மணல், கருவாட்டுக் களத்துத் தூசி.

இன்னொன்று காற்று. இதை டாக்டர் சொன்னபோது எனக்குப் பல விஷயம் விளங்கியது. கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு சிறு குழாய் இருக்கிறது. கண்ணில் ஊறுகிற தண்ணீர் அதன் வழியாக மூக்குக்குள்தான் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். வாடைக்காற்று முகத்தில் அடிக்க அடிக்கக் கண் கலங்கும், அந்தத் தண்ணீரும் மூக்கு வழியாக வரும். நம் பிள்ளைகள் ஓடுவது வடகடல் கரையில், அதாவது பாக் நீரிணைப் பக்கம். மார்கழி, தையில் வாடை நேராகக் கடலிலிருந்து வருகிறது. அந்த மாதங்களில் தெரு ஓரமாக, வீடுகளின் மறைவில் ஓடினால் ஒழுகல் பாதியாகக் குறைகிறது. வெறும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடினாலும் குறைகிறது. பவர் இல்லாத சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி போதும், பக்கவாட்டில் கொஞ்சம் மூடியதாக இருக்கட்டும். ஆனி, ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது தென்கடலான மன்னார் வளைகுடா பக்கம் மணல் பறக்கும். சேதுக்கரை, கீழக்கரைக்காரர்களுக்கு அப்போது இந்தக் கண்ணாடி கண்ணுக்கும் பாதுகாப்பு. அரிச்சல்முனை ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு வருஷம் முழுக்கத் தேவைப்படும், அங்கே இரண்டு பக்கமும் மறைவே கிடையாது.

இனி பாட்டிலுக்கு வருகிறேன்.

பாட்டில் மெத்தென்று இருக்கும், அழுத்தினால் அமுங்கும். மூடியின் நடுவில் மூக்குத் துவாரத்தில் பொருந்துகிற மாதிரி உருண்டையான முனை. அடியிலிருந்து தண்ணீரை ஏற்ற உள்ளே ஒரு மெல்லிய குழாய். பக்கத்தில் கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு வரைக்கும் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு பாக்கெட் உப்பைக் கொட்டிக் குலுக்க வேண்டும். பிறகு வாஷ்பேசின் மேல் நன்றாகக் குனிந்து, தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, மேல்பக்கத் துவாரத்தில் முனையைப் பொருத்தி மெதுவாக அழுத்தினால் அடுத்த துவாரம் வழியாகத் தண்ணீர் வரும். பாதிப் பாட்டில் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, வேகமாகப் பீய்ச்சக் கூடாது. வேகமாகப் பீய்ச்சினால் காதுக்குள் அடைக்கிற மாதிரி இருக்கும். முடிந்ததும் ஒரே மூச்சாகச் சிந்தாமல், இரண்டு துவாரத்தையும் திறந்தபடியே மெதுவாக ஊத வேண்டும்.

முதல் தடவை எல்லோரும் பயப்படுவார்கள். என் பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றார்கள். உப்பும் சூடும் சரியாக இருந்தால் எரியவே எரியாது, குளத்தில் மூழ்கும்போது மூக்கில் சுர்ரென்று ஏறுமே, அது இதில் கிடையாது. எரிந்தால் உப்பு குறைவு, அல்லது கூடுதல், அல்லது தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கரி மூட்டப் புகை வந்த ஒரு காலையில் ஓடி முடித்துவிட்டு, எங்கள் வீட்டு வெள்ளை வாஷ்பேசினில் கழுவினேன். முதலில் தெளிவாக வந்த தண்ணீர், பிறகு சாம்பல் நிறமாக வந்தது. கறுப்புக் கோடுகளோடு கொழகொழவென்று சளி விழுந்தது. தண்ணீர் வடிந்தபின் பேசின் அடியில் மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டு நின்றன, விரலால் தேய்த்தால் நறநறத்தது. இவ்வளவும் மூக்குக்குள் உட்கார்ந்திருந்தால் அது நாள் முழுக்கத் தும்மிக்கொண்டுதான் இருக்கும். கழுவிய அன்று பகலில் தும்மலே இல்லை, வகுப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கவும் இல்லை. அடுத்த நாள் ஓடும்போதும் ஒழுகல் லேசாகத்தான் இருந்தது. தூசியாலும் மகரந்தத்தாலும் எரிச்சலான மூக்குதான் ஓட்டத்தில் கூடுதலாகக் கொட்டுகிறது. எரிச்சலைக் கழுவிவிட்டால் கொட்டுவது குறைகிறது. என் கையில் பாட்டில் செய்து காட்டிய பெரிய வேலை இதுதான்.

எப்போது கழுவ வேண்டும் என்பதும் முக்கியம். ஓடி வந்தபின் கழுவுவதுதான் நல்லது. ஓடுவதற்கு முன்னால் கழுவ வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளே பள்ளங்களில் தங்கிவிடும், ஷூ லேஸ் கட்டக் குனிந்ததும் பொட்டென்று கொட்டும். தேர்வு நாள் காலையில் மைதானத்துக்குப் போய் வரிசையில் நிற்கிற பிள்ளை இதைச் செய்யவே கூடாது, முதல் நாள் இரவோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. போர் தண்ணீர் பாதி இடத்தில் உப்பு, காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற நாளில் குடத்தில் பிடித்து வைப்போம், மற்ற நாளில் 20 லிட்டர் கேன். இதில் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது, கேன் தண்ணீரையும்தான். கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபாவால் வந்த மூளைக்காய்ச்சலைப் பற்றி எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அந்த நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால்தான் மூளைக்கு ஏறும். அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கஷ்டம். தடுப்பதோ ரொம்பச் சுலபம். தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு, மூடி வைத்து ஆறவைத்தால் போதும். இரவே கொதிக்கவைத்து மூடி வைத்துவிட்டால் காலையில் பாட்டிலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி வெதுவெதுப்பாக்கிக்கொள்ளலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் சரி. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் வேண்டாம்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிட்டில் வரும் பாக்கெட்டில் இருப்பது சோடியம் குளோரைடும் கொஞ்சம் ஆப்ப சோடாவும்தான், மந்திரம் எதுவும் இல்லை. நம் உடம்பின் உப்பு அளவு லிட்டருக்கு 9 கிராம், அதாவது 240 மில்லிக்கு 2 கிராமுக்குச் சற்று மேல். பாக்கெட் தீர்ந்தபின் வீட்டிலேயே அளந்து போட்டுக்கொள்ளலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், ஆனால் அயோடின் சேர்க்காத, சுத்தம் செய்த உப்பாக இருக்க வேண்டும். வாலிநோக்கத்தில் அரசு உப்பளமே இருக்கிறது, கல்லுப்புக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை என்று ஒரு அப்பா என்னிடம் மூட்டையைக் காட்டினார். கல்லுப்பு மீன்குழம்புக்கு நல்லது, மூக்குக்கு வேண்டாம். களிமண்ணும் மக்னீசியமும் ஜிப்சமும் அதில் கலந்திருக்கும். அளவையும் கண்ணால் குத்துமதிப்பாகப் போடுவார்கள், எரியும். பிள்ளை அடுத்த நாள் பாட்டிலைத் தொடமாட்டாள். தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைக்குப் பாக்கெட்டே வாங்கிக் கொடுங்கள்.

கடல் தண்ணீரை உறிஞ்சினால் மூக்கு திறக்கும் என்று கடற்கரையில் பெரியவர்கள் சொல்வார்கள். கடலுக்குப் போய்வருகிறவர்களுக்கு அது பழக்கமாக இருக்கலாம். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, நம் உடம்பின் அளவைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு. ஊர் ஓரத்துக் கரையில் எந்தெந்தச் சாக்கடை சேர்கிறது என்பதும் தெரியும். நான் பிள்ளைகளை விடுவதில்லை.

பாட்டில் செய்யாததையும் சொல்ல வேண்டும். தூசி இல்லை, தும்மல் இல்லை, கண் அரிப்பு இல்லை, மழை பெய்து காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கிற ஐப்பசிக் காலையிலும் ஓடினால் கொட்டுகிறது என்றால், அது முழுக்க நரம்பு செய்கிற வேலை. அதைக் கழுவித் தடுக்க முடியாது. ஷால் பிடித்து ஓடினாளே, அவளுக்கு அதுதான். கழுவியதில் பகல் நேரத் தும்மல் போனது, ஓட்டத்தின்போது வருவது பெரிதாகக் குறையவில்லை. அவளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது இப்ராட்ரோபியம் என்ற மூக்கு ஸ்பிரே. சுரப்பிக்குப் போகிற நரம்புக் கட்டளையை அது மறிக்கிறது. ஓடுவதற்கு முன்னால் அடித்துக்கொண்டால் கால் மணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும், சில மணி நேரம் இருக்கும். மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் இது உதவாது, தண்ணீராக ஒழுகுவதற்கு மட்டும்தான். மூக்கு வறண்டு போகலாம், சிலருக்கு லேசாக ரத்தம் கசியலாம். கண்ணில் படவே கூடாது. கண்ணழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கடையில் இருப்பு இல்லை, மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். அதனால் தேர்வுத் தேதி வந்தபின் கடை கடையாக அலையாமல், முன்கூட்டியே வாங்கிப் பயிற்சி நாட்களிலேயே போட்டுப் பாருங்கள். புது மருந்தை மைதானத்தில் முதல் தடவையாகப் போடுவது எந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல.

சளி மாத்திரை பற்றி: செட்டிரிசின் வகை மாத்திரைகள் அலர்ஜிக்கானவை. தும்மல், அரிப்புக்கு நன்றாகக் கேட்கும். ஓட்டத்தில் நரம்பால் வருகிற ஒழுகலுக்கு அவ்வளவு கேட்காது, சிலருக்குத் தூக்கம் வேறு வரும். ஓட்டத்துக்கு முன்னால் இதைப் போடுவதில் லாபமே இல்லை. அலர்ஜி உறுதியாக இருக்கிறவர்களுக்கு டாக்டர்கள் எழுதுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்பிரே. அது அடித்த உடனே கேட்காது, தினமும் அடித்தால் சில நாட்களிலிருந்து சில வாரங்களில் முழுப்பலன் தெரியும். வலது துவாரத்துக்கு இடது கையால், இடது துவாரத்துக்கு வலது கையால் அடித்தால் மருந்து மூக்கின் நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் போகும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகி ரத்தம் வரும். இதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்து, அதாவது சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகை, ஓடுகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஓடும்போது மூக்கின் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி வழிவிடுகின்றன, அடைப்பு அப்போது பிரச்சினையே இல்லை. சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விடாமல் போட்டால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிடப் பெரிதாக அடைக்கும், பிறகு மருந்தில்லாமல் தூங்க முடியாது. கல்லூரி, மாநில அளவில் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரைகளை, போட்டி சமயத்தில் சிறுநீரில் மில்லிக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் தெரிந்தால், ஊக்கமருந்துத் தடுப்பு விதி தடை செய்கிறது. இப்ராட்ரோபியத்துக்கு அந்தத் தடை இல்லை. எந்த மாத்திரையையும் அட்டையைப் படிக்காமல் போடாதீர்கள்.

மூக்கின் மேல் ஒட்டும் பட்டையும் வாங்கிப் பார்த்தேன். மூச்சு கொஞ்சம் தாராளமாகப் போனது. ஒழுகலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, வியர்வையில் சீக்கிரம் உரிந்துவிடுகிறது. வாங்காவிட்டால் காசு மிச்சம்.

எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், அதைத் துடைக்கத்தான் வேண்டும். இங்கே நான் தாராளமாகச் சிபாரிசு செய்வது கடையில் கிடைக்காத ஒன்று: பல வருஷம் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணி. டிஷ்யூ பேப்பர் வியர்வைக் கையில் கரைந்து மூக்கில் ஒட்டும். விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும் டவல் துணி கைப்பட்டை நெற்றி வியர்வைக்குச் சரி, மூக்கில் தேய்த்தால் சிவந்துவிடும், அதிலும் நைலான் கலந்தது இன்னும் மோசம். வேட்டித் துணி அப்படி இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அதை நாலு விரல் அகலத்தில் இரட்டையாக மடித்து, உள்ளே தட்டை எலாஸ்டிக் வைத்து, மணிக்கட்டில் மாட்டுகிற பட்டையாகத் தைத்தேன். தையல் உள்பக்கம் வருகிற மாதிரி திருப்ப வேண்டும், இல்லையென்றால் மூக்கோரத்தில் உரசும். ஓடிக்கொண்டே கையை ஒரு தடவை மேலே கொண்டுபோனால் துடைத்தாகிவிடும், வீச்சு கெடாது. ஒரு கைக்கு ஒன்று, வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்ததை மறுநாள் மாட்டக் கூடாது.

மூக்கோரம் புண்ணானால் வாசலினோ தேங்காய் எண்ணெயோ ஓரத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம். ஓடுவதற்கு முன்னாலேயே தடவினால் புண்ணே ஆகாது. துவாரத்துக்குள் விரலை விட்டு அப்பக் கூடாது, எண்ணெய்ப் பசை நாளடைவில் நுரையீரலுக்குள் இறங்குவது நல்லதல்ல.

பையன்கள் ஓடிக்கொண்டே ஒரு துவாரத்தை அமுக்கி மறு துவாரத்தால் சிந்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பெண்பிள்ளைகளும் அப்படிச் செய்யலாம் என்றுதான் நான் சொல்கிறேன். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்து, காற்று போகும் பக்கமாகக் குனிந்து, கடற்கரை மணலில் சிந்தினால் யாருக்கும் தொந்தரவில்லை. ரோட்டிலும் பள்ளி மைதானத்திலும் வேண்டாம், அங்கே சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும். பக்கத்தில் நிற்கிற பையன்களிடமும் ஒரு நாள் நேராகச் சொன்னேன்: “ஓடுற எல்லாருக்கும் மூக்கு ஒழுகும் தம்பி, உங்களுக்கும் ஒழுகுது, பிள்ளைகளைப் பார்த்துச் சிரிச்சா நான் சும்மா இருக்கமாட்டேன்.” நல்ல பிள்ளைகள்தான், புரிந்துகொண்டார்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் பாட்டில், துணி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். ஓடிய பிறகு நெஞ்சு இறுகி விசில் சத்தமோ விடாத இருமலோ வந்தால் அது ஓட்டத்தால் வரும் இளைப்பாக இருக்கலாம். மூக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கு இது சேர்ந்தே வருவது சகஜம். ஒரே ஒரு துவாரத்தில் மட்டும், தண்ணீர் மாதிரி தெளிவாக, குனிந்தால் கூடுதலாகச் சொட்டினால், அதுவும் தலையில் அடிபட்ட பிறகு என்றால், அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடவே கூடாது. காது வலி, காதில் சீழ் இருக்கும்போதும், மூக்கு முழுக்க அடைத்துத் தண்ணீர் மறுபக்கம் வராதபோதும் பாட்டிலை அழுத்தாதீர்கள்.

வாங்கலாமா என்றால், தூசியிலும் கருவேலங்காட்டு ஓரத்திலும் ஓடுகிற எல்லோருக்கும் வாங்கலாம் என்பேன். நான் வாங்கியபோது பாட்டிலும் பாக்கெட்டும் சேர்த்து 400 ரூபாய்க்குள் வந்தது. பாக்கெட் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், பாட்டில் விலை குறைவு என்று எடுத்தால் பாக்கெட்டில் பிடித்துவிடுவார்கள். பாக்கெட் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலிலேயே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். முனை கெட்டியாக, ஓரம் கூராக இருக்கிற பாட்டிலை எடுக்காதீர்கள், விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

ஒவ்வொரு தடவையும் கொதித்து ஆறிய தண்ணீரிலேயே பாட்டிலையும் மூடியையும் குழாயையும் தனித்தனியாகக் கழற்றிக் கழுவி, கவிழ்த்துக் காயவிட வேண்டும். மீந்த உப்புத் தண்ணீரை அடுத்த நாளைக்கு வைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப் பாட்டில் மாற்றச் சொல்வார்கள், குழாய்க்குள் வழுவழுப்போ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் அதற்கு முன்னாலேயே தூக்கிப் போடுங்கள். அக்கா தங்கை ஆனாலும் ஆளுக்கொரு பாட்டில்தான், என் பிள்ளைகள் நெயில் பாலிஷால் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள், தண்ணீரில் அழிவதில்லை.